சீஷெல்ஸ் கடலில், ஒரு சார்ட்டர் படகின் அடுப்படியிலிருந்து

எட்டு விருந்தினர், கேப்டன், நான். ஆக மொத்தம் பத்துப் பேர். தொட்டியில் இருப்பது 700 லிட்டர் தண்ணீர். குளியல், சமையல், பாத்திரம், கழிப்பறை எல்லாவற்றுக்கும் அதுதான்.

படகு வாழ்க்கையைப் பற்றி எழுதச் சொல்லி ரொம்ப நாளாகக் கேட்கிறீர்கள். நீலக் கடலும் வெள்ளை மணலும் பாய் விரித்த படகும் படங்களில் பார்த்துச் சலித்திருப்பீர்கள். அதனால் தண்ணீரிலிருந்து ஆரம்பிக்கிறேன். இங்கே ஒரு நாள் நல்லபடியாகப் போகுமா போகாதா என்பதை முடிவு செய்வது இரண்டே விஷயம். ஒன்று தொட்டியில் இருக்கும் நல்ல தண்ணீர், இன்னொன்று காற்று. மற்றதெல்லாம், என் சமையல் உட்பட, அதற்கு அப்புறம்தான்.

முதலில் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். சார்ட்டர் என்றால் படகை ஆளோடு சேர்த்து ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுப்பது. எங்களுடையது ஏறக்குறைய ஐம்பது அடி நீளமுள்ள கட்டமரான். இரண்டு பக்கமும் நீளமான உடல், நடுவில் கூடம், அதிலேயே ஒரு மூலையில் என் அடுப்படி. விருந்தினருக்கு நான்கு அறைகள், ஒவ்வொன்றிலும் கழிப்பறை. எனக்கும் கேப்டனுக்கும் படகின் முன்முனையான அணியத்தில் ஆளுக்கொரு பொந்து. மேல்தளத்தில் இருக்கும் மூடியைத் திறந்து, ஏணியில் காலை வைத்து இறங்க வேண்டும். நிமிர்ந்து உட்கார முடியாது, படுக்கத்தான் முடியும். தலைமாட்டில் ஒரு சாண் தள்ளிக் கடல். அலை வந்து மோதும் சத்தம் முதலில் தூங்கவிடாது. பழகிய பிறகு கரையில் போய்ப் படுத்தால்தான் தூக்கம் வராது.

மாஹே தீவில், விக்டோரியா நகரத்தை ஒட்டி, கடலைத் தூர்த்து உண்டாக்கிய ஈடன் ஐலண்ட் என்ற இடத்தில் படகுத்துறை இருக்கிறது. சனிக்கிழமை காலையில் ஒரு குழு இறங்கும், சாயங்காலம் அடுத்த குழு ஏறும். இடையில் இருக்கும் சில மணி நேரத்தில் படுக்கை விரிப்பு மாற்ற வேண்டும், கழிப்பறை கழுவ வேண்டும், டீசல் பிடிக்க வேண்டும், ஒரு வாரத்துச் சாமான் ஏற்ற வேண்டும். அந்த நாளைப் பற்றி இவ்வளவு போதும்.

தண்ணீருக்கு வருகிறேன். படகில் வாட்டர்மேக்கர் ஒன்று உண்டு. கடல்நீரைப் பெரிய அழுத்தத்தில் ஒரு சவ்வின் வழியாகத் தள்ளி உப்பைப் பிரிக்கிற இயந்திரம். நம் ஊர் வீடுகளில் இருக்கும் ஆர்.ஓ. இயந்திரமும் இதே வேலையைத்தான் செய்கிறது, ஆனால் கடல்நீருக்கு வேண்டிய அழுத்தம் பல மடங்கு. அதனால் ஜெனரேட்டர் ஓட வேண்டும், டீசல் எரிய வேண்டும், சத்தம் கேட்க வேண்டும். துறைமுகத்துக்குள் அதை ஓட்டவே கூடாது. எண்ணெய் படிந்த தண்ணீர் உள்ளே போனால் சவ்வு கெட்டுவிடும், மாற்றுவதற்கு ஆகும் செலவு கொஞ்சநஞ்சமல்ல. நடுக்கடலிலோ சுத்தமான விரிகுடாவிலோதான் ஓட்டலாம். ஆக, குழாயைத் திறந்தால் வருகிற ஒவ்வொரு சொட்டுக்கும் பின்னால் டீசலும் நேரமும் இடமும் இருக்கிறது. விருந்தினரிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன். கேட்டுத் தலையாட்டுவார்கள். மறுநாள் காலை நான்கு அறையிலும் ஒரே நேரத்தில் ஷவர் ஓடும்.

சிங்கப்பூரிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் வந்திருந்தது. மூன்று தலைமுறை. பாட்டி என்னைக் கூப்பிட்டு, "ஏன் தம்பி, சுத்தி இவ்வளவு தண்ணிய வச்சுக்கிட்டுக் குளிக்கக் கணக்குப் பாக்குறீங்களே?" என்று கேட்டார்.

"கடல்ல முங்கிட்டு வந்து, மேலுக்கு ரெண்டு சொம்பு நல்ல தண்ணி ஊத்திக்கிட்டா போதும் பாட்டி."

"அப்ப ஒரு சொம்பு குடு."

சொம்பு எங்கே இருக்கிறது! எவர்சில்வர் குவளையும் ஒரு சிறிய வாளியும் கொடுத்தேன். பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து, சேலையோடு கடலில் இறங்கி முங்கி எழுந்து, அந்த வாளித் தண்ணீரில் முடித்துக்கொண்டார். அந்த வாரம் படகிலேயே குறைவாகத் தண்ணீர் செலவழித்தவர் அவர்தான். பேரப்பிள்ளைகளும் பாட்டியைப் பார்த்து வாளிக்கு மாறினார்கள். ஷவர் இல்லாத காலத்தில் வளர்ந்தவர்களுக்குப் படகு வாழ்க்கையை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை என்று அன்றைக்குத் தோன்றியது, இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அடுப்படியிலும் அதே கணக்குதான். பாத்திரத்தைச் சுத்தமான கடல்நீரில் தேய்த்து, கடைசியாக ஒரு தடவை நல்ல தண்ணீரில் அலசுவேன். உருளைக்கிழங்கு அவிக்கக் கடல்நீரைக் கால் பங்கு சேர்த்தால் உப்புப் போட வேண்டாம். எனக்கு மிகவும் உதவுகிற சாமான் பிரஷர் குக்கர். தண்ணீர் குறைவு, காஸ் குறைவு. அதைவிட முக்கியம், மூடி பூட்டியிருப்பதால் படகு எப்படி ஆடினாலும் கொதிக்கிற குழம்பு என் மேல் கொட்டாது. இங்கே வேறு படகுகளில் சமைக்கிற வெள்ளைக்காரர்கள் சிலர் என்னைப் பார்த்து ஆளுக்கொன்று வாங்கிவிட்டார்கள்.

இனி காற்று. நான் தூத்துக்குடிக் கரையில் வளர்ந்தவன். கச்சான், வாடை, கொண்டல் என்று காற்றுக்குப் பெயர் வைத்து, அதைக் கேட்டுத்தான் கடலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுக்கிற ஊர். இங்கேயும் அப்படித்தான். மே முதல் செப்டம்பர் வரை தென்கிழக்கிலிருந்து விடாமல் அடிக்கும், ஜூலை ஆகஸ்டில் உச்சம். டிசம்பர் முதல் மார்ச் வரை வடமேற்கிலிருந்து, மழையோடு. நடுவில் ஏப்ரலும், அக்டோபர் நவம்பரை ஒட்டிய நாட்களும் கடல் அடங்கிக் கண்ணாடியாகக் கிடக்கும். மாஹேயைச் சுற்றியுள்ள உள்தீவுகள் பூமத்திய ரேகைக்கு மிக அருகில், நான்கு ஐந்து டிகிரித் தெற்கில் இருப்பதால் புயல் பாதைக்கு வெளியே இருக்கின்றன. அதனால்தான் கரீபியன் தீவுகளைப் போலப் புயல் காலத்தில் தொழிலைக் குறைத்துக்கொள்ளாமல் இங்கே வருடம் முழுக்கப் படகு ஓடுகிறது.

வருடம் முழுக்க ஓடும் என்பதற்காக வருடம் முழுக்க ஒரே இடத்துக்குப் போகலாம் என்று அர்த்தமில்லை. பெரும்பாலான சண்டை இதில்தான் வருகிறது. பிராலின் தீவின் வடமேற்கு மூலையில் ஆன்ஸ் லாசியோ என்று ஒரு கடற்கரை. உருண்ட கருங்கல் பாறைகள், தக்கமாக்கா மரங்கள், உள்ளே போகப் போக நிறம் மாறுகிற தண்ணீர். உலகத்தின் அழகான கடற்கரைகள் என்று யார் பட்டியல் போட்டாலும் அதன் படம் இருக்கும். தென்கிழக்குக் காற்றடிக்கும் மாதங்களில் தீவே மறைத்து நின்று காப்பாற்றுவதால் அங்கே படகு தொட்டிலில் கிடப்பது மாதிரிக் கிடக்கும். வடமேற்குக் காற்றில் அதே இடம் திறந்த வாசல். அலை நேராக உள்ளே வரும், கரைக்குப் போய்வரும் சிறு படகான டிங்கியைக் கரையேற்ற முடியாது, ராத்திரி யாரும் தூங்க முடியாது.

ஒரு ஜனவரியில் வந்தவர்கள் போனில் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு, அங்கேதான் இரண்டு ராத்திரி தங்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்கள். கேப்டன் வாக்குவாதம் செய்யவில்லை. படகை அங்கேயே கொண்டுபோய், கரையில் அலை உடைவதைக் கால் மணி நேரம் பார்க்கவிட்டு, "நீங்களே சொல்லுங்கள்" என்றார். திருப்பச் சொல்லிவிட்டார்கள். கூரியூஸ் தீவின் தென்பக்கத்து மறைவில் போய் நின்றோம், தண்ணீர் அசையவில்லை. கேப்டன் இந்த ஊர்க்காரர், லா டிக் தீவில் பிறந்தவர். பாயைப் பற்றியும் இயந்திரத்தைப் பற்றியும் நான் கற்றுக்கொண்டதெல்லாம் அவரிடம்தான்.

இரண்டு காற்றிலும் தப்பாதது மாஹேயிலிருந்து பிராலினுக்குக் கடக்கிற அந்த நாலு மணி நேரம். ஏறக்குறைய 45 கிலோமீட்டர் திறந்த கடல். ஜூலையில் காற்றும் அலையும் பக்கவாட்டில் வாங்கும்போது எட்டில் நாலு பேருக்காவது வயிற்றைப் புரட்டும். அன்றைக்குக் காலையில் எண்ணெய்ப் பலகாரம் போட மாட்டேன். அரிசிக் கஞ்சி, இஞ்சித் துவையல். ஐரோப்பியர்களும் அமைதியாக வாங்கிக் குடிப்பார்கள்.

நங்கூரம் போடுவதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் மனிதன் கடலுக்கு நேரடியாகத் தீங்கு செய்யும் இடம் அதுதான், செய்யாமல் இருக்கவும் முடியும்.

விரிகுடாவுக்குள் நுழையும்போதே நான் அணியத்தில் போய் நின்றுவிடுவேன். சூரியன் உச்சிக்குப் பக்கத்தில் இருந்தால் தரை நன்றாகத் தெரியும், அதனால் மூன்று மணிக்குள் வந்து சேரப் பார்ப்போம். வெளிர் பச்சையாகப் பளிச்சென்று இருந்தால் மணல். கரும்பழுப்பாகத் திட்டுத் திட்டாக இருந்தால் பவளப் பார். ஒரே சீராகக் கருத்திருந்தால் கடல்புல். பின்னால் சுக்கானில் நிற்கும் கேப்டனுக்கு இயந்திரச் சத்தத்தில் என் குரல் கேட்காது. எல்லாம் கை ஜாடைதான். கையை நீட்டினால் அந்தப் பக்கம், முஷ்டி மடக்கினால் நிறுத்து. படகு நின்று, காற்றில் மெல்லப் பின்வாங்க ஆரம்பிக்கும் நொடியில் சங்கிலியை இறக்குவேன். ஆறு மீட்டர் ஆழம் என்றால் குறைந்தது முப்பது மீட்டர் சங்கிலி. அதை ஒரே இடத்தில் குவித்துக் கொட்டக் கூடாது, படகு போகிற வேகத்துக்குச் சங்கிலியும் தரையில் படுத்துக்கொண்டே போக வேண்டும். பிறகு கேப்டன் பின்னோக்கி இயந்திரத்தைக் கொடுப்பார். நான் சங்கிலி மேல் உள்ளங்காலை வைத்துக்கொள்வேன். நங்கூரம் மணலில் புதைந்திருந்தால் சங்கிலி விறைத்து அப்படியே நிற்கும். இழுபட்டால் கடகடவென்று ஒரு நடுக்கம் காலில் ஏறும். அப்படி ஏறினால் தூக்கிவிட்டு மறுபடியும் போட வேண்டும்.

அது முடிந்ததும் கண்ணாடி மாட்டிக்கொண்டு கடலில் குதித்து, சங்கிலியைப் பிடித்தபடியே போய் நங்கூரத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வருவேன். பல படகுகளில் இதைச் செய்வதில்லை. எங்கள் கேப்டனுக்கு இதைச் செய்யாமல் அன்றைய வேலை முடியாது. ஏனென்றால் நங்கூரம் மணலில் இருந்தாலும் காற்று திரும்பும்போது சங்கிலி ஒரு பெரிய வட்டம் போடும். அந்த வட்டத்துக்குள் ஒரு பவளத் தலை இருந்தால் ராத்திரியோடு ராத்திரியாக அறுத்துப் போட்டுவிடும்.

இதில் இவ்வளவு கறாராக இருக்கக் காரணம் உண்டு. 1998-இல் கடல் சூடாகி, இந்த உள்தீவுகளைச் சுற்றியிருந்த உயிர்ப்பவளத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் வெளுத்துச் செத்தது. மெல்ல மெல்ல மீண்டுவந்தது 2016-இல் மறுபடியும் அடிவாங்கியது. கேப்டன் சின்ன வயதில் மூழ்கிப் பார்த்த இடங்களைக் காட்டுவார். இன்றைக்கு அங்கே பாசி படிந்த கல்குவியல். சில இடங்களில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குப் புதுப் பவளம் வந்திருக்கிறது. மான்கொம்பு மாதிரிக் கிளை விட்டு, நுனியில் ஊதா நிறத்தோடு, அதற்குள் விரல் நீள மீன்குஞ்சுகள். அந்த உள்ளங்கை அகலம் வளர வருடங்கள் ஆகியிருக்கும். ஒரு சங்கிலி அதை முடிக்க ஒரு இழுப்புப் போதும். கடல் சூடாவதை நானும் கேப்டனும் தடுக்க முடியாது. சங்கிலியைத் தள்ளிப் போட முடியும்.

கூரியூஸ் 1979 முதல் கடல் தேசியப் பூங்கா. ஒரு காலத்தில் தொழுநோயாளிகளைக் கொண்டுவந்து ஒதுக்கிவைத்த தீவு. மருத்துவர் தங்கியிருந்த 1873-ஆம் வருடத்து மரவீடு இன்னும் நிற்கிறது. இன்றைக்கு அங்கே ராட்சத ஆமைகள் வழியில் குறுக்கே படுத்துக்கிடக்கும், கழுத்தைத் தடவிக் கொடுத்தால் நீட்டிக்கொண்டு எழுந்து நிற்கும். கண்டல் காட்டுக்குள் பலகைப் பாதை போகிறது. முழங்கால் அளவு தண்ணீரில் சுறாக் குட்டிகள் திரியும். அதற்குப் பக்கத்தில் கடலாமை வளர்க்கக் கட்டிய பழைய கல்சுவர் ஒன்று இருந்தது, அதை உடைத்தது 2004 சுனாமி. நம் கரையில் அன்றைக்கு நடந்தது எல்லோருக்கும் தெரியும். அதே அலை இவ்வளவு தூரம் வந்து இந்தச் சுவரையும் சாய்த்திருக்கிறது என்று பார்த்தபோது கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

கஸின் தீவுக்கு எங்கள் டிங்கியில் போய் இறங்க முடியாது. தூரத்தில் நிற்க வேண்டும். காவலர்கள் அவர்கள் படகில் வந்து ஏற்றிக்கொள்வார்கள், அதுவும் வார நாட்களின் காலையில் மட்டும். எலி ஒன்று கூட ஏறிவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. சீஷெல்ஸ் வார்ப்ளர் என்ற சிறு குருவி உலகத்திலேயே இந்த ஒரு தீவில், முப்பதுக்கும் குறைவாக மிஞ்சியிருந்த காலம் உண்டு. 1968-இல் ஒரு பறவைப் பாதுகாப்பு அமைப்பு தீவையே விலைக்கு வாங்கியது. இன்றைக்கு அந்தக் குருவி ஆயிரக்கணக்கில் பெருகி வேறு தீவுகளுக்கும் போயிருக்கிறது. நேரடியாக இறங்க முடியாது என்று முணுமுணுக்கிற விருந்தினரிடம் இந்தக் கதையைச் சொல்வேன், பிறகு முணுமுணுக்க மாட்டார்கள்.

சமையலைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். சனிக்கிழமை விடியற்காலையில் விக்டோரியா சந்தைக்குப் போய்விடுவேன். மீன் வெட்டும் மேடையைச் சுற்றி உண்ணிக்கொக்குகள் நிற்கும், செதிலுக்கும் குடலுக்கும் காத்துக்கொண்டு. சங்கரா இனத்தில் புர்ஷ்வா என்று ஒரு பெரிய சிவப்பு மீன், சூரை, பேய்க்கணவாய். வெங்காயம் கப்பலில் வருவது, கப்பல் தாமதமானால் விலை ஏறும். சந்தையைச் சுற்றித் தமிழர் கடைகள் இருப்பதால் எனக்குக் கவலையில்லை. பெருங்காயம், புளி, கடுகு எல்லாம் கிடைக்கும். "கறிவேப்பில இன்னைக்கு வல்ல தம்பி, திங்கக்கெழம வா" என்று கடைக்கார அண்ணாச்சி சொல்வார். திங்கட்கிழமை நான் கடலில் இருப்பேன் என்பது அவருக்கும் தெரியும், ஆனாலும் சொல்வார். கொஞ்சம் தள்ளி நவசக்தி விநாயகர் கோயில் கோபுரம். நேரமிருந்தால் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் படகுக்குத் திரும்புவேன்.

இங்கத்திய பேய்க்கணவாய்க் கறியைக் கேப்டனின் அக்காவிடம் கற்றுக்கொண்டேன். குக்கரில் வேகவைத்து, தேங்காய்ப்பாலில் மஞ்சள், மசாலாவோடு கொதிக்கவிட்டு, இரண்டு லவங்கப்பட்டை இலையைக் கிள்ளிப் போடுவார்கள். பட்டை இல்லை, பச்சை இலை. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்த மரம், இப்போது மலை முழுக்கக் காடாக நிற்கிறது. பறித்தால் கேட்க ஆளில்லை. கூடவே சீமைப்பலா வறுவல், பச்சைப் பப்பாளி சட்னி. எங்கள் வீட்டுக் கைப்பக்குவத்தோடு இது ஒத்துப்போகிற மாதிரி வேறெதுவும் ஒத்துப்போகவில்லை. ஒவ்வொரு பயணத்திலும் முதல் ராத்திரி பெரும்பாலும் மாஹேக்கு எதிரே செயின்ட் ஆன் தீவுப் பக்கம் நிற்போம். 1770-இல் இந்தத் தீவுகளில் குடியேற வந்த முதல் கூட்டம் கரையிறங்கிய தீவு அது. இருபத்தெட்டுப் பேர், அதில் ஐந்து பேர் இந்தியர்கள். அவர்களும் இதே தேங்காயையும் மீனையும் வைத்துத்தான் முதல் சோறு ஆக்கியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அன்றைய இரவுச் சாப்பாட்டைப் பரிமாறுவேன்.

கஷ்டங்கள் இல்லையா என்றால், இருக்கின்றன. தனிமை என்பதே கிடையாது. எட்டுப் பேருக்கும் விடுமுறை, நமக்கு வேலை. கழிப்பறையில் ஈரத்துடைப்பான் போட்டு அடைத்துவிட்டால் குழாயைக் கழற்றிக் கையால்தான் எடுக்க வேண்டும், அதை யாரிடமும் முகம் சுளிக்காமல் செய்ய வேண்டும். ராத்திரி திடீரென்று மழையோடு காற்று வீசினால் நங்கூர அலாரம் அடிக்கும். கேப்டன் சுக்கானிலும் நான் அணியத்திலும் நனைந்துகொண்டு நிற்போம். விருந்தினர் பலருக்குக் காலையில் அது தெரியவே தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் எங்கள் வேலைக்குப் பெருமை. ஊர்ப்பக்கத்து இளைஞர்கள் இந்த வேலைக்கு வரலாமா என்று கேட்கிறார்கள். கடல் பயமில்லை, ஒரே இடத்தில் பத்துப் பேரோடு முகம் கோணாமல் இருக்க முடியும் என்றால் தாராளமாக வரலாம். வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி கைக்கு வராமல் மட்டும் விமானம் ஏறாதீர்கள்.

விருந்தினராக வர நினைப்பவர்களுக்கு: முடிந்தால் ஏப்ரலிலோ அக்டோபரிலோ வாருங்கள், வேறு மாதம் என்றால் எந்தக் காற்று என்று கேட்டுவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள், அல்லது முடிவைக் கேப்டனிடம் விட்டுவிடுங்கள். சங்கு, சோழி எதையும் எடுத்துப் போகாதீர்கள். மீன் குத்தும் ஈட்டித் துப்பாக்கிக்கு நாடு முழுக்கத் தடை. பிராலின் காட்டில் விளையும் இரட்டைத் தேங்காயை வாங்கினால் அரசுச் சான்றிதழோடு வாங்குங்கள். தண்ணீரை வாளியில் பிடித்துக் குளியுங்கள். சாயங்காலம் கேப்டன் மணல் தேடி விரிகுடாவை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றினால் அவசரப்படுத்தாதீர்கள், பக்கத்துப் படகு பவளத்தின் மேலேயே போட்டுவிட்டு மது அருந்த உட்கார்ந்துவிட்டாலும் சரி.